துரைக்கு ஒரு வெள்ளைச் சீட்டு

முதல் சொட்டு எப்போதும் இடது புறங்கையில்தான். கரண்டியைச் சாய்த்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில் ஒரு சொட்டு சூப்பை விட்டு, அது ஆறுவதற்குள் நாக்கை வைத்துப் பார்த்துவிடுவார் டயட் அக்கா. உள்ளங்கையில் விட்டுப் பார்க்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. உள்ளங்கையில் வியர்வை இருக்கும், வியர்வையில் உப்பு இருக்கும், உப்பே கூடாத சூப்பை உப்புக் கையில் விட்டுப் பார்ப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்பார். இருபத்தாறு வருடமாகச் சூடு பட்டுப் பட்டு அந்த இடத்தில் மட்டும் தோல் ஒரு சின்னக் காசு அளவுக்குக் கருத்து, வழுவழுவென்று ஆகிவிட்டது.

மருத்துவமனையின் பின்பக்கம், சலவை அறைக்கும் பிணவறைக்கும் நடுவில் இருக்கிறது அவருடைய சமையலறை. வேளைக்கு நூற்று நாற்பது தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு சீட்டு. சிவப்பு என்றால் சர்க்கரை வியாதி. நீலம் என்றால் உப்பு ஆகாது. மஞ்சள் என்றால் உடம்பு தேறவேண்டியவர், அவருக்கு முட்டை, பால், ரொட்டி எல்லாம் தாராளம். வெள்ளை என்றால் மெல்ல முடியாதவர், எதையும் அரைத்து மசித்துத்தான் கொடுக்கவேண்டும். நோயாளிகளின் பெயர் அக்காவுக்கு நினைவில் நிற்பதே இல்லை. சீட்டு நிறம் மறப்பதே இல்லை. கடைத்தெருவில் வணக்கம் வைத்த ஒரு பெரிய மனிதரை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க மூணாவது வார்டு நீலம்தானே, ஊறுகாய் வாங்க வந்தீங்களா?" என்று கேட்டாரே பார்க்கலாம். மனிதர் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

சமைப்பது பாதி வேலைதான். சாப்பிட மாட்டேன் என்கிறவர்களைச் சாப்பிடவைப்பது மீதி வேலை. அது அவருடைய உத்தியோகத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஆனால் ஏதாவது ஒரு வார்டில் தட்டு தொடாமல் இரண்டு வேளை திரும்பி வந்தால் நர்ஸ்கள் டாக்டருக்குச் சொல்வதற்கு முன்னால் அக்காவுக்குத்தான் போன் போடுவார்கள். அக்கா மேலங்கிப் பையில் ஒரு சின்ன டார்ச் லைட்டோடு படியேறிப் போவார். முதல் வேலை, வாயைப் பார்ப்பது. புண் இருக்கிறதா, பல்செட் உறுத்துகிறதா, நாக்கு வெளுத்திருக்கிறதா. "கோபத்துல சாப்பிடாதவங்க நூத்துக்குப் பத்துப் பேருதான். மீதிப் பேருக்கு வாய்லதான் இருக்கு விஷயம்" என்பார். வாயில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பிடிவாதக்காரர்களுக்கான வைத்தியம். அது ரொம்பச் சுலபம். தட்டை எதிரில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்துவிடுவார். பசி வந்தால் வாய் தானாகத் திறக்கும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு பொய்த்ததாகச் சரித்திரமே இல்லை.

அப்பேர்ப்பட்ட அக்கா தன் வீட்டில் ஓர் ஓணானிடம் தோற்றுக்கொண்டிருந்தார்.

ஓணான் என்றால் அக்காவுக்குக் கோபம் வரும். அது இகுவானா. ஓணானுக்குப் பெரியப்பா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்: பச்சை உடம்பு, முதுகில் சீப்புப் பல் மாதிரி முள், கழுத்தில் தொங்கும் தாடை, ஆள் கை நீளத்துக்கு ஒரு வால். ஆறு வருடத்துக்கு முன் மாடியில் குடியிருந்த மைக்செட்காரர் வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போனபோது, உள்ளங்கை அளவு இருந்த குட்டியை ஒரு செருப்புப் பெட்டியில் வைத்து, "ரெண்டே வாரம்க்கா, இலை தழை போடுங்க, போதும்" என்று கொடுத்துவிட்டுப் போனார். போனவர் போனவர்தான். இலை தழை போட்டு வளர்க்க இது என்ன ஆடா மாடா என்று அக்கா அன்றைக்கே சிரித்தார். வளர்கிற பிள்ளை. நாலு எலும்பு தெரிகிற உடம்பு. அக்கா கண்ணுக்கு அது சந்தேகமில்லாமல் மஞ்சள் சீட்டு.

வார்டுகளிலிருந்து தொடாமல் திரும்பும் அவித்த முட்டைகள் குப்பைக்குத்தான் போகும். அதில் தினம் ஒன்று அக்காவின் பையில் வீட்டுக்கு வந்தது. பாலில் நனைத்த ரொட்டி, கனிந்த வாழைப்பழம். குட்டி வளர்ந்தது. அக்காவின் வீட்டுக்காரர் டாக்ஸி ஓட்டுகிறவர், கொஞ்சம் கைவேலையும் தெரிந்தவர். பழைய துணி அலமாரியின் தட்டுகளைக் கழற்றி, கதவுக்குக் கம்பிவலை அடித்து, உள்ளே ஒரு மரக்கிளையை நிறுத்தி வீடு கட்டிக் கொடுத்தார். எதைக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பி யோசித்துவிட்டே வாய் வைக்கும் அதன் மிடுக்கைப் பார்த்து, துரை என்று பேரும் வைத்தார். மருத்துவமனையிலிருந்து ஒரு மஞ்சள் சீட்டைக் கொண்டுவரச் சொல்லிக் கம்பிவலையில் நூல் போட்டுக் கட்டியவரும் அவர்தான். விருந்தாளி வந்தால் அக்கா துரையின் பின்னங்காலைக் காட்டுவார். "தொடையைப் பாத்தீங்களா, பயில்வான் மாதிரி."

போன மாதம் அந்தப் பயில்வானின் கால்விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. கிளையைப் பிடிக்கப் போகும், பிடி நழுவும், தொப்பென்று கீழே விழும். அக்கா அதை ஒரு துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, வீட்டுக்காரர் வண்டியிலேயே மிருக டாக்டரிடம் போனார். நாயும் பூனையும் பார்க்கிற டாக்டர், ஆனாலும் பொறுமைசாலி. எக்ஸ்ரே எடுத்தார். படத்தை விளக்குக்கு முன்னால் பிடித்தபோது எலும்பு இருக்கவேண்டிய இடத்தில் புகை மாதிரி ஏதோ இருந்தது. தொடையில் இருப்பது சதை இல்லை, எலும்பு பலவீனமானதால் வந்த வீக்கம் என்றார். இது பிறந்ததிலிருந்து இலை மட்டுமே தின்கிற ஜாதி, முட்டையும் பாலும் இதன் சிறுநீரகத்தை அரித்துவிடும், இலையில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து இல்லாமல் எலும்பு கரைந்துவிடும் என்றார். ஜன்னலோரம்தானே வைத்திருக்கிறோம், தினம் வெயில் படுகிறதே என்று வீட்டுக்காரர் கேட்டார். கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அதற்கு வேண்டியது வராது என்றார் டாக்டர். பிறகு அக்காவைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், "யாரும்மா இதுக்கு முட்டை குடுக்கச் சொன்னது?" என்று கேட்டார்.

இருபத்தாறு வருட சர்வீஸில் அக்காவை யாரும் கேட்காத கேள்வி அது. மேசை மேல் கிடந்த துண்டை மடிக்கவும் பிரிக்கவுமாக இருந்தார்.

டாக்டர் எல்லாம் எழுதிக் கொடுத்தார். கரும்பச்சை இலைகள், செம்பருத்தி இலையும் பூவும், அதன்மேல் தூவச் சுண்ணாம்புச் சத்துப் பொடி, தனியாக ஒரு விளக்கு, காலையில் நேர் வெயில். முட்டை கண்ணிலேயே படக்கூடாது. தானாக இலை தின்ன ஆரம்பித்தால் பிழைக்க வழி இருக்கிறது. இரண்டு மூன்று வாரத்துக்குள் தின்னவில்லையென்றால் சொல்வதற்கில்லை. வாயையும் பார்க்க நினைத்தார், துரை பயந்துபோய் இறுக மூடிக்கொண்டு திறக்கவில்லை. வீட்டில் சாப்பிடும்போது வாயைக் கவனித்துச் சொல்லுங்கள் என்று கடைசியாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய அக்கா இதற்கும் ஆட்டினார். ஆனால் அவர் மனசு அந்த எக்ஸ்ரேயிலேயே நின்றுவிட்டது. தன் கையாலேயே கெடுத்தோமே என்ற நினைப்பு வந்த பிறகு வேறெதுவும் உள்ளே இறங்கவில்லை.

மறுநாளே ஜன்னல் திறந்தது, விளக்கு வந்தது, வாசலில் இரண்டு செம்பருத்தித் தொட்டிகள் வந்தன. காட்டில் யார் நறுக்கிக் கொடுக்கிறார்கள் என்று சொல்லி, அக்கா இலைகளை முழுசாக நூலில் கோத்துக் கிளையில் கட்டித் தொங்கவிட்டார். துரை பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள். ஆறு வருடமாக முட்டை தின்ற நாக்கு, இலையை மதிக்குமா? மதிக்காது, பட்டினி கிடந்தால் தானாக வழிக்கு வரும் என்று அக்கா தன் பழைய வைத்தியத்தையே கையில் எடுத்தார். காலையில் இலையைக் கட்டிவிட்டுத் திரும்பிப் பாராமல் வேலைக்குப் போய்விடுவார். சாயங்காலம் வந்து வாடிய இலைகளை எண்ணுவார். எண்ணிக்கை குறையவே குறையாது.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ இலைகளின் ஓரத்தில் ஊசியால் குத்தியதுபோல் சின்னச் சின்னப் புள்ளிகள் இருந்ததைப் பார்த்தார். பூச்சி விழுந்துவிட்டது என்று செம்பருத்திக்குக் கிடைத்தது திட்டு. "நீயும் சேந்து என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கோ" என்று சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்துக் கழுவினார். செடியில் ஒரு பூச்சியும் இல்லை. மறுநாளும் கட்டித் தொங்கவிட்ட இலைகளில் புள்ளி இருந்தது.

ஒன்பதாம் நாள் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. துரையின் முதுகெலும்பு தோலுக்கு மேலே கயிறு மாதிரி தெரிந்தது. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை, சாவியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார். "பட்டினி போட்டுக் கொல்றதுக்கு முட்டை போட்டே கொன்னுடலாம்மா. வயிறாவது நிறைஞ்சு சாகும்."

அக்கா சமையலறைக்குப் போய் ஒரு முட்டையை அவித்து, பாதியை மசித்து, ஒரு கரண்டியில் கொண்டுவந்து நீட்டினார். துரை தலையைத் தூக்கியது. நாக்கை நீட்டி ஒரு வாய், இன்னொரு வாய், கரண்டியை வழித்துத் துடைத்துவிட்டது. அதைப் பார்த்து வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. அக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "பாத்தீங்களா? இது வியாதியே இல்ல. அடம். சுத்தமான அடம்" என்று சொல்லிக்கொண்டே அழுதார். இனி இந்த வீட்டில் முட்டை வாசனையே வரக்கூடாது என்று மீதிப் பாதியைத் தெருவுக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார்.

அதன் பிறகு வந்த நாட்களைப் பற்றி என்ன சொல்ல. அக்கா மருத்துவமனையில் புறங்கையில் சொட்டு விட்டு ருசி பார்ப்பார், உப்பா இல்லையா என்றே தெரியாது, இரண்டாவது தரம் விடுவார். நூற்று நாற்பது பேருக்கு வேளை தவறாமல் வகை வகையாக அனுப்பிவிட்டு, உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவார். தன் பங்குத் தட்டைத் தொடமாட்டார். வீட்டில் துரை கிளையில் ஏறுவதை விட்டுவிட்டது. அலமாரியின் அடியில் விளக்கு வெளிச்சத்தில் வயிறு தரையில் படக் கிடந்தது. அக்கா கதவைத் திறந்தால் ஒரு கண்ணை மட்டும் திறக்கும். அப்போதும் அக்கா இலையைக் கட்டினார், தாழ்வாக, அதன் முகத்துக்கு நேராக. "தின்னு. ஒரே ஒரு வாய் தின்னு. உன் கால்ல வேணா விழறேன்" என்று கெஞ்சியதை வீட்டுக்காரர் அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பதினாறாம் நாள் காலை பத்து மணிக்கு இரண்டாவது வார்டிலிருந்து போன். பதினோராம் கட்டிலில் ஓர் ஓய்வுபெற்ற தபால்காரர், இரண்டு நாளாகத் தட்டைத் தள்ளிவிடுகிறாராம். அக்கா டார்ச்சை எடுத்துக்கொண்டு போனார். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமே ஆன நர்ஸ் கையில் பேனாவோடு நின்றுகொண்டிருந்தாள். குறிப்பேட்டில் பிடிவாதம் என்று எழுதிவைத்திருந்தாள். நல்லா பாத்துட்டேன்க்கா, சூப் குடுத்தா குடிக்கிறார், ரொட்டி குடுத்தா மூஞ்சியைத் திருப்பிக்கிறார், ருசிக்கு அலையறார் என்று குற்றப்பத்திரிகை வாசித்தாள்.

அக்கா தபால்காரரின் தாடையை இரண்டு விரலால் தாங்கி, பல்செட்டைக் கழற்றி, டார்ச் அடித்தார். கீழ் ஈறு முழுக்கச் சிவந்து புண்ணாகிக் கிடந்தது. கிழவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அக்கா நர்ஸைப் பார்த்து, எத்தனையோ நர்ஸுக்குச் சொன்னதை இவளுக்கும் சொன்னார்.

"அடம்னு எழுதறதுக்கு முன்னாடி வாயைப் பாரும்மா. வாய் வலிக்கிறவங்க வலிக்குதுன்னு சொல்ல மாட்டாங்க, வேணாம்னுதான் சொல்லுவாங்க. மெத்துனு குடுத்தா தின்னுடுவாங்க, கடிக்கிறது குடுத்தா மூஞ்சியைத்…"

டார்ச் கிழவரின் வாய்க்குள்ளேயே எரிந்துகொண்டிருந்தது. நர்ஸ் அக்கா அக்கா என்று இரண்டு தரம் கூப்பிட்டாள்.

கீழே வந்து கரண்டியை உதவிச் சமையல்காரி கையில் கொடுத்தார். பதினோராம் கட்டிலுக்கு வெள்ளைச் சீட்டு என்றார். உடம்புக்கு முடியலையாக்கா என்று அவள் கேட்டதற்கு, "எனக்கில்ல" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். இருபத்தாறு வருடத்தில் மதியச் சாப்பாடு போவதற்கு முன் அக்கா சமையலறையை விட்டுப் போனது அன்றைக்குத்தான். பஸ்ஸில் எல்லோரும் ஏன் பார்க்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. மேலங்கியைக் கழற்றாமலே வந்திருந்தார்.

துரை கிடந்த இடத்திலேயே கிடந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து அதை மடியில் எடுத்தார். கனமே இல்லை. தபால்காரருக்குச் செய்த மாதிரியே இரண்டு விரலைத் தாடைக்குக் கீழே கொடுத்தார். தாடை விரலோடு சேர்ந்து வளைந்தது. தண்ணீரில் ஊறிய அட்டை மாதிரி, எந்தப் பக்கம் அழுத்தினாலும் அந்தப் பக்கம் போயிற்று. உதட்டோரத்தில் பச்சையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தார். இலை நார். காய்ந்துபோன, பல்லிடுக்கில் சிக்கிய இலை நார்.

அக்கா துரையை மெல்லக் கீழே விட்டார். எழுந்து குப்பைக்கூடையைக் கவிழ்த்து, நேற்றைய இலைகளையும் அதற்கு முந்தின நாள் இலைகளையும் பொறுக்கினார். ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். ஓரத்தில் இரண்டு வரிசைப் புள்ளிகள், வளைவாக, ஒரு சின்ன வாயின் அளவுக்கு. அடுத்த இலை, அதற்கடுத்த இலை. எல்லா இலையிலும் இருந்தது. இத்தனை நாளும் துரை கடித்திருக்கிறது. கடித்து, பிய்க்கத் திராணி இல்லாமல் விட்டிருக்கிறது. மறுபடியும் கடித்திருக்கிறது. அந்த இலைகளைத்தான் அக்கா பூச்சி அரித்தது என்று தூக்கிப் போட்டிருக்கிறார்.

வீட்டுக்காரர் சவாரி முடித்துச் சாப்பாட்டுக்கு வந்தபோது தரை முழுக்க இலையாக இருந்தது. என்ன ஆச்சு என்றார். அக்கா ஓர் இலையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"அடம் புடிச்சது அது இல்லீங்க. நான்."

அவர் இலையைப் புரட்டிப் பார்த்தார். புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் டாக்டருக்குப் போன் போட்டு அக்காவிடம் கொடுத்தார். இலையை வெண்ணெய் மாதிரி அரைத்துச் சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள், வாயைப் பலவந்தமாகத் திறக்காதீர்கள், தாடை ஒடிந்துவிடும், சாயங்காலம் கூட்டிவாருங்கள் என்றார் டாக்டர். பிழைக்குமா என்று அக்கா கேட்டார். "ரொம்பத் தாமதம் ஆயிடுச்சும்மா. ஆனாலும் குடுங்க."

அக்கா செம்பருத்தி இலையும் நாலு பூவும் பறித்து, நரம்பை ஒவ்வொன்றாக உரித்தெடுத்து, மிக்ஸியில் தண்ணீர் விட்டு மூன்று தடவை அரைத்தார், துணியில் வடிகட்டினார், பொடியைக் கலந்தார். வார்டில் உயிருக்குப் போராடுகிறவர்களுக்கு எப்படிச் செய்வாரோ அப்படி, ஒரு திப்பி இல்லாமல். இதற்குள் வீட்டுக்காரர் கம்பிவலையிலிருந்த மஞ்சள் சீட்டை நூலோடு அறுத்து எடுத்திருந்தார். அதைக் கிழிக்கவும் மனம் வராமல், வைத்துக்கொள்ளவும் மனம் வராமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா மேலங்கிப் பையைத் துழாவி ஒரு வெள்ளைச் சீட்டை எடுத்து, அறுந்த நூலில் தானே கட்டினார்.

பிறகு துரையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கரண்டியைச் சாய்த்து இடது புறங்கையில் ஒரு சொட்டு விட்டு, நாக்கை வைத்துப் பார்த்தார். ஆறு வருடத்தில் துரையின் சாப்பாட்டை அவர் ருசி பார்த்தது அதுதான் முதல் தடவை. இன்னொரு சொட்டை அதே இடத்தில் விட்டு, கையை அப்படியே அதன் வாய்க்கு நேராகக் கொண்டுபோய் வைத்தார். துரை ஒரு கண்ணைத் திறந்தது. வெகுநேரம் கழித்து நாக்கு வெளியே வந்து, புறங்கையை ஒரே ஒரு தரம் தொட்டுவிட்டு உள்ளே போனது. கண் மூடிக்கொண்டது. ஜன்னல் வழியாக வந்த வெயிலில் கையின் மேலிருந்த பச்சை ஓரத்திலிருந்து காய ஆரம்பித்தது. அக்கா கையை எடுக்கவில்லை.